கட்டிலுக்கு எதிரே ஒரு கண்ணாடி

"அந்தம்மாவுக்கு ரசனையே இல்லைங்க மேடம்."

பூங்கோதை வண்ண அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

குழந்தைவேலுவுக்கு ஐம்பத்து மூன்று வயது. மில்லில் மெஷின்களோடு இருபத்தாறு வருஷம் கழித்தவர். மில் மூடியதும், வீட்டு உள் அலங்காரம் கற்றுக்கொள்ள பூங்கோதையிடம் வந்து சேர்ந்தார். அவள் அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். முதல் நாளே, "இனி நீங்கதான் எனக்குக் குருங்க" என்று சொல்லிவிட்டார். அவள் சிரித்துக்கொண்டே ஒரு நோட்டு வாங்கச் சொன்னாள்.

நோட்டில் எல்லாம் இருந்தது. சமநிலை. அளவு. வெளிச்சம். கண் போய் நிற்க ஓர் இடம். சின்ன அறையைப் பெரிதாகக் காட்ட ஒரு பெரிய கண்ணாடி.

அந்த நோட்டை வைத்துத்தான் தன் முதல் அறையைச் செய்து முடித்திருந்தார்.

"வர்றவங்க எல்லாம் அறையைப் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. அந்தம்மா மட்டும் மூஞ்சில துண்டைப் போட்டுட்டுப் படுத்துக்குது. பகல் பூரா அப்படியேதான். வெளிச்சம் கண்ணைக் கூசுதோன்னு லைட்டை நாலு தடவை மாத்திட்டேனுங்க. துண்டை எடுக்கவே மாட்டேங்குது."

"பகல் பூரா எதுக்குப் படுத்திருக்காங்க?"

"வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சுங்க. எட்டு மாசமாப் படுக்கைதான். சரோஜினி டீச்சர். பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்க."

பூங்கோதையின் கை நின்றது.

"படுக்கையில இருக்கறவங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலீங்களே. போட்டோ அனுப்பினேன். ரொம்ப நல்லா இருக்குன்னு பதில் போட்டீங்க."

அவள் செல்போனை எடுத்து அந்தப் போட்டோவைத் தேடிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"வண்டியை எடுங்க," என்றாள்.

*

அறை அழகாகத்தான் இருந்தது. வெளிர்பச்சைச் சுவர். ஜன்னலுக்கு வெள்ளைத் திரை. நடுவில் கட்டில். கட்டிலின் கால்மாட்டுச் சுவரில், முக்கால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி. குழந்தைவேலு கோயமுத்தூரில் ஏழு கடை ஏறி இறங்கிப் பிடித்து வந்தது.

கட்டிலில் டீச்சர் படுத்திருந்தார். முகத்தின் மேல் ஒரு பூந்துவாலை.

பக்கத்தில் மயிலாத்தா நின்றாள். டீச்சரைக் கவனித்துக்கொள்ள வருகிறவள். வாசற்படியில் டீச்சரின் மகன்.

பூங்கோதை கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"டீச்சர், என் பேரு பூங்கோதை. இவருக்குச் சொல்லிக் குடுக்கறது நான்தான். கொஞ்ச நேரம் உங்க கட்டில் வேணும். தருவீங்களா?"

டீச்சரின் வலக்கை லேசாக அசைந்து வழிவிட்டது.

மகனும் மயிலாத்தாவும் டீச்சரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். துவாலை நழுவிக் கீழே விழுந்தது. டீச்சர் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"படுங்க," என்றாள் பூங்கோதை.

"நானுங்களா?"

"நீங்கதான்."

குழந்தைவேலு படுத்தார். கூச்சமாக இருந்தது. ஆனால் எதிரே பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஜன்னல் இரண்டாகத் தெரிந்தது. திரைச்சீலை காற்றில் இரண்டு இடத்தில் ஆடியது.

"இங்கிருந்து பார்த்தாலும் அறை பெருசாத்தான் தெரியுதுங்க மேடம்!"

பூங்கோதை மயிலாத்தாவைப் பார்த்தாள்.

"அக்கா, காலைல டீச்சருக்கு என்ன பண்ணுவீங்களோ, அதை இவருக்குப் பண்ணுங்க."

"ஐயோ, ஆம்பளைங்க அவரு!"

"பரவாயில்லை. பண்ணுங்க."

மயிலாத்தா டீச்சரைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த தலை ஒரு முறை அசைந்தது.

அதன் பிறகு மயிலாத்தா யோசிக்கவில்லை. பழகிய கை. தோளுக்குக் கீழே ஒன்று, இடுப்புக்குக் கீழே ஒன்று. ஒரே புரட்டு. குழந்தைவேலு ஒருக்களித்துக் கிடந்தார். சட்டை மார்புக்கு மேலே ஏறியது. ஈரத்துணி முதுகில் விழுந்தது. முழங்காலை மடக்கினாள். கையைத் தூக்கினாள், விட்டாள். அது தொப்பென்று மெத்தையில் விழுந்தது.

தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தார்.

அதில் ஓர் ஆள் கிடந்தான். வயிறு ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. வாய் பிளந்திருந்தது. ஒரு கை எங்கோ அடியில் மாட்டியிருந்தது. யாரோ ஒருத்தி அவனை மூட்டையைப் போலப் புரட்டிக்கொண்டிருந்தாள். அறையில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யார் அது என்று ஒரு கணம் புரியவில்லை.

புரிந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடியும் தெரிந்தது.

மயிலாத்தாவின் கை இடுப்புப் பட்டைக்கு வந்தது.

"நிறுத்துங்க!"

அந்த அலறல் அவருக்கே அந்நியமாக இருந்தது. மயிலாத்தா சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா," என்றாள் பூங்கோதை. "டீச்சர் நிறுத்துன்னா நிறுத்துவீங்களா?"

"அதெப்படிங்க நிறுத்தறது? தொடைச்சாகணுமில்ல? தினம் மூணு வேளை."

குழந்தைவேலு எழுந்து உட்கார்ந்தார். சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. நாற்காலி இருந்த பக்கம் பார்க்கத் துணிவில்லை. பையைத் துழாவி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நேரே கண்ணாடியிடம் போனார்.

"இருங்க," என்றாள் பூங்கோதை. "போட்டோவைப் பார்த்து நல்லா இருக்குன்னது நானு."

செருப்பைக் கழற்றினாள். கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"அக்கா, வாங்க."

மகன் அவசரமாக வெளியே போய்விட்டான். குழந்தைவேலு பதறிப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பினார். சுவர் இருந்த இடத்தில் கண்ணாடி இருந்தது. கண்ணாடிக்குள் அவருடைய குரு. துப்பட்டா தரையில் கிடந்தது. முடி கலைந்து வாயில் ஒட்டியிருந்தது. மயிலாத்தா ஒரு புரட்டுப் புரட்டினாள்.

அவள் கண்ணை மூடவில்லை.

"மேடம், வேண்டாங்க. எந்திரிச்சிருங்க."

அவள் மூடவில்லை.

"போ...தும்."

குழந்தைவேலு திடுக்கிட்டுத் திரும்பினார். டீச்சருக்குப் பேச வரும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. இரண்டு மாதமாக இந்த அறைக்குள் அளவெடுத்திருக்கிறார். ஒரு நாளும் அவரிடம் பேசிப் பார்த்ததில்லை.

டீச்சர் ஜன்னலை விட்டுத் திரும்பியிருந்தார். பாதி முகம் கீழே இறங்கிக் கிடந்தது. மற்ற பாதி பூங்கோதையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எந்...திரி, கண்ணு."

பூங்கோதை எழுந்தாள்.

ஆறு ஸ்க்ரூ. குழந்தைவேலுவும், திரும்பி வந்த மகனும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் சாய்த்துவிட்டு வந்தார்கள். சுவரில் ஆறு துளைகள். கீழே கொஞ்சம் சிமெண்டுத் தூள்.

குழந்தைவேலு நோட்டை எடுத்தார். கொஞ்ச நேரம் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை மூடிப் பையில் போட்டுவிட்டு, நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"டீச்சர், அங்க என்ன வைக்கட்டுங்க?"

டீச்சர் வெற்றுச் சுவரைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். குழந்தைவேலு காத்திருந்தார். பூங்கோதையும் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப... ஒண்ணும் வேண்டாம்," என்றார் டீச்சர்.

"சரிங்க."

"நாளைக்கும் வந்து... கேளு."