மாசிலாமணியின் தாகம்

மாசிலாமணி மடத்துக்கு வந்த அன்றைக்கே ஒரு குடம் தண்ணீரைக் காலி செய்தார். மறுநாளும் அப்படித்தான். குடிப்பார், எழுந்து கொல்லைப்பக்கம் போவார், வருவார், மறுபடியும் குடிப்பார். தியானத்தில் உட்கார்ந்தால் ஒரு பதிகம் பாடி முடிக்கிற நேரம்கூட அவருக்குத் தாங்காது.

அவர் தையற்காரர். நாற்பதைத் தொட்ட வயது. மழைநாளில் பைக்கிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, செத்துப் பிழைத்தவர். எதற்காகப் பிழைத்தோம் என்று தெரியாமல் மடத்தைத் தேடி வந்திருந்தார்.

மடத்தின் குரு வடிவம்மை. அவருக்கு அடுத்தபடி ஆறுமுக நயினார். இந்த நயினார் சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். வருஷக்கணக்கில் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். மடத்துக்கு வரும்போது விசிலைக் கழற்றி வைத்தாரே ஒழிய, வாத்தியாரைக் கழற்றி வைக்கவில்லை.

"இந்தத் தண்ணிக் கதையெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்றார் வடிவம்மையிடம். "மைதானத்தைச் சுத்தி ஓடுடான்னா பயலுக தண்ணி கேட்பானுக. தண்ணிக்குப் போனவன் பெல் அடிக்கிற வரைக்கும் திரும்ப மாட்டான். இவரும் அந்த ஜாதிதான். உட்காரப் பிடிக்கலை."

"அப்படியா?" என்றார் வடிவம்மை.

"அப்படித்தான். என்கிட்ட விடுங்க. நான் வழிக்குக் கொண்டாரேன்."

வடிவம்மை விட்டார்.

மடத்தில் மாதம் ஒருமுறை சிவராத்திரி நோன்பு. விடிந்ததிலிருந்து மறுநாள் விடிகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. முடியாதவர்கள் குடிக்கலாம் என்று குரு சொல்லித்தான் வைத்திருந்தார். யாருக்கு முடியாது என்பதை முடிவு செய்கிற வேலை நயினாருடையது. குருவோ அன்று முழுக்க மௌனம், அறைக்கதவைச் சாத்திக்கொள்வார்.

காலை வெயில் ஏறுவதற்குள் மாசிலாமணி வந்து நின்றார்.

"ஐயா, கொஞ்சம் தண்ணி."

"நோன்பு."

"நாக்கு ஒட்டிக்குதுங்க."

"எனக்கு மட்டும் ஒட்டலையா?"

"ஒரு மடக்கு போதும்."

"ஒரு மடக்குன்னு ஆரம்பிச்சு ஒரு குடத்துல போய் நிக்கும். உங்களை எனக்குத் தெரியாதா? போய் உட்காருங்க."

நயினார் தண்ணீர்க் குடங்களை உள்ளறையில் வைத்துப் பூட்டினார். கிணற்றடிக்கு நழுவப் பார்த்தவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து தம் பக்கத்திலேயே உட்காரவைத்தார். எல்லாம் அந்த மனுஷன் நன்றாக வரவேண்டும் என்ற எண்ணத்தில்தான். நல்ல எண்ணத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை!

இத்தனைக்கும் மாசிலாமணி கொல்லைக்குப் போவது நிற்கவில்லை. சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாமலேயே போய்ப் போய் வந்தார். "சாக்குச் சொல்றதுக்கும் ஒரு அளவு வேண்டாமா ஐயா?" என்று நயினார் சிரித்தார். மாசிலாமணி நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். உதடு வெடித்திருந்தது.

மத்தியானத்துக்கு மேல் அவர் பேச்சு குழறியது. நயினாரைப் பார்த்து "அக்கா" என்றார். "அக்கா, பானையில தண்ணி இருக்கா?" என்று கேட்டபடியே சாய்ந்துவிட்டார். தூக்கியபோது உடம்பு துவண்டு கிடந்தது, நாக்கு காய்ந்த இலையைப் போலிருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுப் பெண். சலைன் ஏற்றி, ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சர்க்கரையாம்மா?" என்று கேட்டார் நயினார்.

"சர்க்கரை இல்லை. மூளைக்கு அடியில பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கு. 'தண்ணியை விட்டுடாதே, பிடிச்சு வை'ன்னு சிறுநீரகத்துக்குச் சொல்லி அனுப்புறது அங்கிருந்து வர்ற ஹார்மோன்தான். தலையில அடிபட்டதுல இவருக்கு அது நின்னு போச்சு. ஏரி மடையை மூட ஆளில்லைன்னு வைங்க, என்ன ஆகும்? குடிச்சாலும் போகும், குடிக்காட்டியும் போகும்."



"குடிச்சுக் குடிச்சுத்தான் இந்த மனுஷர் இத்தனை நாள் உயிரோட இருந்திருக்கார்" என்றார் டாக்டர். "அதை யார் நிறுத்தினது?"

இடுப்பில் செருகியிருந்த உள்ளறைச் சாவியை நயினார் கையால் மூடிக்கொண்டார்.

மாசிலாமணி பிழைத்தார். மூக்கில் அடித்துக்கொள்ள ஒரு மருந்து கொடுத்தார்கள். அனுப்பும்போது டாக்டர் நயினாரிடம் தெளிவாகவே சொன்னார்: "மருந்து போட்டதும் மடை மூடிக்கும். இனிமே தாகம் எடுத்தா குடிக்கட்டும். எடுக்கலைன்னா வேண்டாம். பழைய மாதிரி குடம் குடமா குடிக்க விட்டுடாதீங்க."

நயினார் தலையை ஆட்டினார். காதில் விழாமல் இல்லை, விழுந்தது. ஆனால் வெடித்த உதடு கண்ணை விட்டுப் போனால்தானே! சோற்றில் கை வைத்தால் அந்த உதடு. கண்ணை மூடினால் அந்த உதடு. தாகம் எடுக்கிறவரைக்கும் காத்திருந்து கொடுப்பதா? அதற்கு முன்னாலேயே கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? டாக்டர்கள் எல்லாருக்கும் பொதுவாக எதையாவது சொல்லிவைப்பார்கள் என்று தம்மைத் தாமே சமாதானம் செய்துகொண்டார்.

செம்பும் கையுமாக அலைய ஆரம்பித்தார். காலையில் சீரகத் தண்ணீர். வெயில் ஏறினால் இளநீர். அப்புறம் பானகம். நடுநடுவே பானைத் தண்ணீர்.

"குடிங்க மாசிலாமணி."

"இப்பத்தானேங்க குடிச்சேன்."

"பரவாயில்லை. எனக்காக."

மாசிலாமணி அவர் முகத்தைப் பார்ப்பார். பெரியவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கும். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக் குடித்துவிடுவார். செம்பு காலியானதும் நயினாருக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும்.

"வாத்தியார் நாத்துக்குத் தண்ணி பாய்ச்சுறார்டோய்" என்று மடத்தில் கேலிகூடச் செய்தார்கள். நயினார் கோபப்படவில்லை. அந்தக் கேலி அவருக்கு இனித்தது.

பிறகு ஒருநாள் மாசிலாமணி தலைவலி என்றார். வாந்தி எடுத்தார். "ஐயோ, வாந்தியில உள்ள தண்ணியெல்லாம் போயிடுச்சே" என்று பதறி நயினார் இன்னும் இரண்டு செம்பு கொடுத்தார். மறுநாள் காலைப் பூஜையில், தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோதே, மாசிலாமணியின் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

அதே ஆஸ்பத்திரி. அதே டாக்டர்.

"ரத்தத்துல உப்பு எங்கேயோ கீழே கிடக்கு. மடையைச் சாத்தின ஏரியில மேல மேல தண்ணியை விட்டா வேற என்ன ஆகும்? மூளையே வீங்கிடுச்சு" என்றார் டாக்டர். "யார் இவ்வளவு தண்ணி கொடுத்தது?"

நயினார் கையெடுத்துக் கும்பிட்டார். 

உப்பை மெல்ல மெல்லத்தான் ஏற்ற முடியும் என்றார்கள். கண் விழித்து, ஆளை அடையாளம் கண்டு, கஞ்சி குடிக்கப் பல நாள் ஆயிற்று. பேச்சில் ஓர் இழுப்பு தங்கிவிட்டது. கை நடுங்கியது. ஊசியில் நூல் கோர்க்க முடியாத தையற்காரர். போகப் போகச் சரியாகலாம் என்றார் டாக்டர். சரியாகும் என்று சொல்லவில்லை.

மாசிலாமணியின் அக்கா தனக்கோடி கார் பிடித்து வந்துவிட்டாள். துணிமணிகளை மூட்டை கட்டும்போது நயினார் வாசலில் நின்றார்.

"நான்தாம்மா..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றாள் தனக்கோடி. "முதல்ல உங்க கண்டிப்பு. அப்புறம் உங்க பாசம். ரெண்டையும் தாங்குற உடம்பு என் தம்பிக்கு இல்லைங்கய்யா. வழியை விடுங்க."

நயினார் விலகினார். காரில் ஏறப் போன மாசிலாமணி திரும்பி, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துச் சொன்னார்: "அக்காவைத் தப்பா நினைக்காதீங்க. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க."

அவள் திட்டியதைக்கூட நயினார் தாங்கியிருப்பார். இதை அவரால் தாங்க முடியவில்லை. கார் போன பிறகும் அங்கேயே நின்றார். 'மன்னிச்சுக்கோங்க' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கவில்லை. இனி அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று அவர் சாப்பிடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் வடிவம்மையின் அறைக்குப் போய் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"கண்கெட்ட பிறகு வந்திருக்கேன்மா."

"நான் மட்டும் கண்ணோட இருந்தேனா?" என்றார் வடிவம்மை. "அவரை உங்ககிட்ட ஒப்படைச்சிட்டு நான் கதவைச் சாத்திக்கிட்டேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு நீங்க செம்பும் கையுமா ஓடுறதைப் பார்த்து, வாத்தியார் இளகிட்டாரேன்னு சந்தோஷப்பட்டவள் நான்."



"கொடுக்காம ஒரு தடவை கொல்லப் பார்த்தேன்" என்றார் நயினார். "கொடுத்து ஒரு தடவை கொல்லப் பார்த்தேன். கண்டிப்பும் தப்பு, கருணையும் தப்புன்னா மனுஷன் என்னம்மா பண்ணுவான்? நாளைக்கே இன்னொருத்தர் வந்து என் முன்னால உட்காருவார். நான் அவருக்கு என்ன செய்யணும்? அதை மட்டும் சொல்லுங்க. அப்படியே செய்றேன்."

வடிவம்மை எழுந்தார். மூலையிலிருந்த பானையிலிருந்து ஒரு செம்பில் தண்ணீர் மொண்டார். ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார். தண்ணீரை ஊற்றவில்லை. செம்பை நீட்டவும் இல்லை. அவர் முகத்தையே பார்த்தார்.

"வாத்தியாரய்யா, உங்களுக்குத் தாகமா இருக்கா?"

நயினார் செம்பைப் பார்த்தார். மாசிலாமணியிடம் இந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் சொல்லட்டும் என்று வடிவம்மை காத்திருந்தார்.