கதை கேட்டுத் தைக்கிற சொர்ணக்கா

கடகடகடகட... டக்!

கேட்டுச்சா குட்டி? அது நம்ம வீட்டுல இல்ல, கதைக்குள்ள. ஒட்டிப் படு, சொல்றேன்.

ஒரு ஊர்ல ஒரு எமல்டா. துறைமுகத்துப் பக்கம் வாடகை வீட்டுக்குப் புதுசா குடி வந்திருந்தா. அவ வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்டு. தொட்டில்ல கைக்குழந்தை. பின்கதவு இறங்கிப்போயிருந்ததால தாழ்ப்பாள் சேரவே சேராது. அதனால அரிசி டிரம்மை முட்டுக் கொடுத்துட்டு, தூக்கம் வராம இருக்க வயர் கூடை பின்னிக்கிட்டு, விடியுற வரைக்கும் காவல் உக்காந்திருப்பா. பாவம்தானே?

"ம்."

மொத நாள் பொழுது சாஞ்சதும் கதவுக்கு அந்தப் பக்கம் கடகடகட... டக்! எமல்டா ஜெபமாலையை எடுத்துக்கிட்டா.

அப்புறம் ரெண்டாம் நாள். கடகடகட... டக்! "போகாதடி, அவன் ஒளிஞ்சிருக்கான்!"னு ஒரு குரல். எமல்டா டிரம்மை இன்னும் இறுக்கிக் கதவோட ஒட்டித் தள்ளினா.

"யாரும்மா அவன்?"

அதான் அவளுக்கும் தெரியல.

அப்புறம் மூணாம் நாள். கடகடகட... டக்! "ஐயோ, கொன்னுட்டானே!"ன்னு அழுகை. அழுகிற குரலைக் கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்கிறது? இடுப்புல பிள்ளை, கையில தோசைக்கரண்டி. டிரம்மை சர்ர்ர்னு இழுத்தா, கதவைத் தொறந்தா...

ரெண்டு வீட்டுக்கும் பொதுவான பின்தாழ்வாரத்துல தையல் மெஷின். பக்கத்து வீட்டு சொர்ணக்கா! ரெண்டு காதுலயும் இயர்போன், கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

"அக்கா! யாரைக் கொன்னாங்க?"

சொர்ணக்கா ஒரு காதுல இருந்த இயர்போனைக் கழட்டினா. "மந்திரியை. பதினேழாவது அத்தியாயம். நீ ஏன் கரண்டியோட நிக்கிற?"

"நீங்கதானே கத்தினீங்க!"

"கத்தினேனா? போன்ல கதை ஓடும்போது என் சத்தம் எனக்கே கேக்காது பிள்ளை."

அடேயப்பா, அந்த அக்கா! காது ஒரு ராஜ்யத்துல, கை இன்னொரு ராஜ்யத்துல. ஒரு தையல் கோணல் இல்ல! நெஞ்சு பதறுற இடம் வந்தா மட்டும் மிதி நிக்கும். தைச்ச பள்ளிக்கூடச் சட்டைங்களை எடுத்துக் காட்டினா. "இந்தக் காலர்லதான் கப்பல் கவுந்துச்சு. இந்தப் பாக்கெட்ல ராணி தப்பிச்சா." போட்டுக்கிட்டுப் போற பிள்ளைக்குத் தெரியுமா, தன் சட்டைப் பையில ஒரு ராணி இருக்கான்னு?

"ம்ம்..."

அப்போ எமல்டாவும் கூடையோட வந்து உக்காந்தா. ஒரு காது அக்காவுக்கு, ஒரு காது அவளுக்கு. கதை சுகத்துல வரிசை எண்ண மறந்தே போச்சு. கூடை வளருது, வளருது, இடுப்பு உயரம்!

"இது கூடையாடி, கிணறா?"

சிரிச்சு ஓஞ்சும் எமல்டா எந்திரிக்கல. "உள்ள போக பயமா இருக்குக்கா. தாழ்ப்பாள் சேராது."

"என் கதவும் அப்படித்தான். பிடியைத் தூக்கு, தோளால முட்டு, அப்புறம் தள்ளு. இன்னும் நாலு சட்டை கிடக்கு, நான் இங்கதான் இருப்பேன்."

உனக்குக் கண்ணு சொக்குது. கதையைச் சாத்துறேன், நீ இமையைச் சாத்து.

வெளிய கடகடகடகட... எமல்டா தூக்கினா. முட்டினா. தள்ளினா.

டடக்! தாழ்ப்பாள் சேர்ந்துச்சு.