செயலாளரின் கைக்கடிகாரம்

எங்கள் பங்குக் கோயிலில் தவக்காலத்துக்கு நடைப்போட்டி வைத்தார்கள். இந்த வெயிலில் யார் மயங்கி விழப்போகிறார்களோ என்று எனக்கு ஒரே கவலை. நாற்பது நாளில் அதிகம் நடந்த பன்னிரண்டு பேருக்குத்தான் பெரிய வியாழனன்று சாமியார் பாதம் கழுவுவாராம். செயலாளர் லூர்துராயன் தினமும் இருபதாயிரம் அடி நடந்ததாகத் அடி எண்ணும் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

அவர் வீட்டில் வேலை செய்யும் சலேத்தம்மாளுக்கும் அந்த வரிசையில் உட்கார ஆசை. கடைசிக் கூட்டத்தில் எழுந்து பெயர் கொடுத்தாள்.

"நீயா? கடிகாரமே இல்லாம எத்தனை அடி நடந்தே? சரியாச் சொல்லு, சேத்துக்கிறேன்," என்று செயலாளர் சிரித்தார்.

"ஐயா எவ்வளவோ நானும் அவ்வளவுதான். ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"கொழுப்பைப் பாரு!"

"கோபப்படாதீங்க ஐயா. போன ஞாயித்துக்கிழமை எட்டு மணிக் கணக்கைச் சாமிகிட்டக் காட்டுங்க."

சாமியார் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். எட்டிலிருந்து ஒன்பதுக்குள் நாலாயிரம் அடி.

"அது நான் பிரசங்கம் வச்ச நேரமாச்சே! நீங்க முதல் பெஞ்சில தூங்கிக்கிட்டுல்ல இருந்தீங்க?"

"தூங்கலை சாமி! கண்ணை மூடி ஜெபிச்சேன். ஒரு அடிகூட அசையலை!" என்ற பிறகுதான் செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அசைஞ்சது நான்தான் சாமி," என்றாள் சலேத்தம்மாள். "தினமும் வீடு பெருக்கையில கட்டிக்கச் சொல்லி ஐயாதான் குடுத்தாங்க."

பெரிய வியாழனன்று சலேத்தம்மாள் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர்க் குடத்தைச் சுமந்துகொண்டு பன்னிரண்டு நாற்காலிக்கும் சாமியார் பின்னாலேயே நடந்தவர் செயலாளர்.

"ஐயா, இந்த அடியெல்லாம் உங்களோடதுதான்," என்றாள் சலேத்தம்மாள்.