பச்சைக் கோடு

"கோடு பொய் சொல்லுதுங்க அம்மிணி," என்றார் நாச்சிமுத்து.

மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் அம்மிணி என்று அழைத்த யசோதாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பீளமேட்டில் ஒரு மருந்துக்கடை மாடியில் பங்கு வர்த்தகம் சொல்லிக்கொடுக்கிறாள். குருவுக்கு வயது பார்க்கக் கூடாது என்று நாச்சிமுத்துவே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். குரு சொன்னதைக் கேட்டாரா என்பது வேறு விஷயம்.

சொன்னது சின்ன விஷயம்தான். விலை ஏற ஏற, சூப்பர்டிரெண்ட் என்கிற பச்சைக் கோடு அதற்கு அடியில் கூடவே ஏறி வரும். அந்தக் கோட்டில்தான் ஸ்டாப்லாஸை, அதாவது இதற்குக் கீழே இறங்கினால் விற்றுவிடு என்கிற விலையை, வைக்க வேண்டும். அதை ஏற்றலாம், இறக்கக் கூடாது. விலை கோட்டுக்குக் கீழே போய்க் கோடு சிவப்பாகிவிட்டால், விற்றுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

நாச்சிமுத்து ஒரு பங்கில் போட்டிருந்தது, மனைவி பாப்பாத்தியின் இரண்டு முழங்காலுக்கும் ஆபரேஷன் செய்ய வைத்திருந்த பணம்.

பங்கு ஏறியது. ஆபரேஷன் போக, காசிக்கும் போய்வரலாம் என்கிற அளவுக்கு ஏறியது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. பாப்பாத்தி இப்போதெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறாள். பார்க்கவே பாவமாக இருக்கும். எப்போது விற்பீர்கள் என்று அவள் கேட்டால், கோடு இன்னும் பச்சைதான் என்பார்.

யசோதா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். காலையிலிருந்து பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பங்கு விழுந்து கிடந்தது. கோடு பச்சையாகத்தான் இருந்தது.

"மல்டிப்ளையர் எத்தனை வெச்சிருக்கீங்க?"

விலையை விட்டுக் கோடு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்கிற எண் அது.

"ஒம்பதுங்க."

"நான் மூணுன்னுதானுங்க சொன்னேன்."

மூன்று வைத்தபோது ஒருதரம் கோடு அவரை வெளியே தள்ளிவிட, அப்புறம் விலை மேலே போய்விட்டதாம். அதனால் இந்தத் தடவை விலை கோட்டை நெருங்கும்போதெல்லாம் எண்ணைக் கொஞ்சம் கூட்டிவைத்தாராம். தான் ஸ்டாப்லாஸை இறக்கவே இல்லை, கோடுதான் இறங்கியது, ஸ்டாப்லாஸ் அதன் கூடப் போனது என்று சத்தியம் செய்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

யசோதா திட்டவில்லை. திட்டவும் தெம்பில்லை. ஒன்பதை அழித்து இருபது போட்டாள். கோடு திரையின் அடிக்குப் போனது. ஐம்பது போட்டாள். கோட்டையே காணோம்.

"இனி இந்தப் பங்கு ஒண்ணுமில்லாமப் போனாக்கூட உங்க கோடு பச்சைதானுங்க."

நாச்சிமுத்து கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"எனக்கு அலுத்துப் போச்சு அம்மிணி," என்றார். "தூங்கி ரொம்ப நாளாச்சு."

அவள் பழையபடி மூன்று போட்டாள்.

திரை மாறியது. மூன்று வாரமாகக் கோடு சிவப்பு. சிவப்பு தொடங்கிய இடத்தில் அவர் விரலை வைத்தார். அன்றைக்கு விற்றிருந்தால் இரண்டு முழங்காலுக்கும் போதுமாக இருந்திருக்கும்.

யசோதா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"வித்தப்பறம் ஏறிருச்சுன்னா?" என்று கேட்டார் அவர்.

"ஏறட்டுமுங்க. அது போற ஊருக்கெல்லாம் நாமளும் போகோணுமா?"

அவர் விற்றார். பாதிப் பணம்தான் மிஞ்சியது. அங்கேயே உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். பாப்பாத்தி வந்து எடுக்க நேரமாயிற்று.

"பாப்பாத்தி," என்றார். "ரெண்டு முழங்கால்ல உனக்கு எது ரொம்ப வலிக்குது?"