வெளுக்காத பலகை

"இன்னிக்கும் மஞ்சளாத்தாம்மா வந்துக்குது," என்றார் எத்திராஜ்.

குளோரி நிமிர்ந்து பார்க்கவில்லை. பலகை ஒன்றின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கோவளம் கரையில் அலைச்சறுக்குப் பலகை செய்கிறவள் அவள். அவருக்கு மகள் வயது. எத்திராஜோ ஃபைபர் படகு கட்டியே தலை நரைத்தவர். ஆனாலும் இந்த வேலையில் அவள்தான் குரு, அவர்தான் சீடர். அதில் அவருக்கு வெட்கமில்லை. வெட்கம், கூச்சம் எல்லாம் போன ஐப்பசியோடு போய்விட்டது.

போன ஐப்பசியில்தான் அவர் மகன் பிரதாப் அலையேறப் போனவன் திரும்பி வரவில்லை.

அவன் தன் கையால் இழைத்து வைத்த நுரைப்பலகை ஒன்று குளோரியின் பட்டறையில் கிடந்தது. அதன்மேல் கண்ணாடி இழைத் துணி போர்த்தி வெள்ளை நிறம் கலந்த ரெசின் பிசினைப் பூசி இறுகவிட்டால் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வருஷத் திதி. கூட்டாளிகள் கடலுக்குள் போய், அந்தப் பலகையை நடுவில் மிதக்கவிட்டு, சுற்றி உட்கார்ந்து பூப்போடுவதாக ஏற்பாடு.

பூச்சு தப்பினால் திருத்த முடியாது. அவன் கை பட்ட பலகை வேறு கிடையாது. அதனால் குளோரி அவரை அதைத் தொடவே விடவில்லை. துண்டு நுரைகளில் பழகச் சொல்லியிருந்தாள். அவையெல்லாம் மஞ்சள் தட்டி, புகையிலை போட்டவர் பல்போல வரிசையாகக் கிடந்தன.

"என்ன பண்ணீங்க?"

"இன்னும் கொஞ்சம் வெள்ளை சேத்தேன்."

"நேத்து?"

"நேத்தும் அதான்."

குளோரி துண்டின்மேல் கட்டைவிரலை வைத்து எடுத்தாள். ரேகை அப்படியே பதிந்தது.

"இறுகவே இல்ல பாருங்கணா. வெள்ளையக் கொட்டிக்கினே போனா ரெசின் தாங்காது."

"எம்புள்ளைக்கு இத ஒண்ணையாவது நான் ஒழுங்கா செய்யக்கூடாதா?"

அப்போதும் அவர் குரல் உடையவில்லை. அது உடைந்து யாரும் பார்த்ததில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அன்று சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். பாவி மனுஷன், அழுதிருக்கலாம்.

குளோரி எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மூடியைத் திருகினாள். அவர் கலந்து வைத்திருந்த வெள்ளையின்மேல் அதைச் சாய்க்கப் போனாள்.

எத்திராஜ் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். குப்பியில் இருந்தது நீலம்.

"அந்த நெறம் வாணாம்."

"ஏன்?"

"ஏன்னு ஒனக்குத் தெரியும்."

தெரியும். ஒரு வருஷமாக அவர் கடலைப் பார்ப்பதில்லை. அவருக்காகவே பட்டறையின் கடல் பக்கத்துக் கதவைத் தாழ்போட்டு வைத்திருந்தாள். பட்டப்பகலிலும் உள்ளே குண்டு பல்புதான் எரிந்தது.

"சுத்த வெள்ளையா இருக்கணும். வேற எதுவும் அதுல கலக்கக்கூடாது," என்றார்.

குளோரி கையை உதறவில்லை. அவர் இடுப்பு வேட்டியைப் பார்த்தாள்.

"வேட்டிய யாரு தோய்க்கிறாங்க?"

"எங்க வூட்லதான்."

"பளிச்சுனு இருக்குது. கடைசி அலசல்ல இன்னா ஊத்துவாங்க?"

எத்திராஜ் குனிந்து வேட்டியைப் பார்த்தார்.

கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீர். அதில் சொட்டு நீலம் விட்டு, வேட்டியை முக்கி எடுக்கும் மனைவி. துவைக்கிற சாக்கில் அவள் அங்கேதான் உட்கார்ந்து அழுவாள். அந்த நேரம் பார்த்து அவர் தெருப்பக்கம் போய்விடுவார்.

அவர் பிடி தளர்ந்தது.

குளோரி குப்பியை அவர் கையில் வைத்தாள்.

"புதுசா கலங்க. வெள்ளை அளவோட. அப்புறம் இதுல ஒரு சொட்டு. நீங்களே விடுங்க."

கலந்தார். விட்டார். கிண்டக் கிண்ட நீலம் நூலாகச் சுற்றி, மெலிந்து, காணாமல் போயிற்று. புது நுரைத் துண்டு ஒன்றில் பூசினார். பல்புக்கு அடியில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"ஒண்ணும் தெரியலியேம்மா. இந்த வெளிச்சத்துல எல்லாமே மஞ்சளாத்தான் இருக்குது."

"அப்ப கதவத் தெறங்க."

எத்திராஜ் துண்டைக் கதவோரம் வைத்தார். தாழ்ப்பாளை இழுத்தார். அது துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுக்கவேண்டியிருந்தது.

கடல் அங்கேயேதான் இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துப் பார்த்தார். கண் கூசும் வெள்ளை.

"நீலம் எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போவலணா. உள்ளதான் இருக்குது."

எத்திராஜ் வாசற்படியில் உட்கார்ந்தார். கடலைப் பார்த்தபடி, மகன் பேரைச் சொல்லி, வாய்விட்டு அழுதார்.

குளோரி உள்ளே போய்ப் பிரதாப்பின் பலகையைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.