கணவாய் வாசலில் அரசரின் வாள்

ராஜாக்கள் கோபம் வந்தால் ஆணையிடுவதும், கோபம் தணிந்தால் அதை மறந்துவிடுவதுமாக இருந்த முன்னொரு காலத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு கணவாய் இருந்தது. கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு. இந்தப் பக்கத்து வாசலைக் காத்தவன் பெயர் காளத்தி.

காளத்தி கண்டிப்பான காவல்காரன். உப்பு மூட்டை வந்தால் கம்பியால் குத்திப் பார்ப்பான். பாய்க்கட்டு வந்தால் விரிக்கச் சொல்வான். ஊறுகாய் ஜாடிக்குள் முழங்கை வரை கைவிட்டுத் துழாவுவான். ஒருமுறை கல்யாணப் பெண்ணைப் பல்லக்கிலிருந்து இறக்கிவிட்டு, அவள் உட்கார்ந்திருந்த மெத்தையைக் கிழித்துப் பார்த்தான். உள்ளே பஞ்சுதான் இருந்தது. பெண்ணின் தாய் அன்று கொடுத்த சாபம் அவன் காதில் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டே இருந்தது.

இவ்வளவு பார்த்தும் என்ன பயன்? மலைக்காட்டுக் கொள்ளையர் கையில் புதுப்புது வாள்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. எல்லாம் அந்தப் பக்கத்து நாட்டுக் கொல்லர்கள் அடித்தவை. பிடியில் மயில் முத்திரை இருக்கும். காளத்தி ஒருநாள் எதிர் வாசல் வரை நடந்துபோய் அங்கிருந்த காவலரிடம் முறையிட்டான்.

"வெளியே போறதைப் பாக்கறது எங்க வேலை இல்லப்பா. உள்ளே வர்றதைப் பாக்கத்தான் நீ இருக்கியே!" என்று சொல்லிவிட்டு அவர்கள் தாயக்கட்டையை உருட்டப் போய்விட்டார்கள்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் கொள்ளையர்கள் நெடுங்கரை என்ற ஊருக்குத் தீ வைத்தார்கள். நெடுங்கரைக்காரர்கள் சந்தை நாளில் மண்பானை ஏற்றிக்கொண்டு காளத்தியின் வாசல் வழியாகப் போய்வருகிறவர்கள். அவர்களில் பலர் அதற்குப் பிறகு வரவில்லை. சாம்பலில் கிடந்த ஒரு வாளை அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். காளத்திக்கும் அழைப்பு வந்தது.

சபை நிரம்பி இருந்தது. அரசர் அந்த வாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காளத்தி, இந்த வாள் எந்த வழியாக என் நாட்டுக்குள் வந்தது?"

"தெரியவில்லை, மகாராஜா."

அரசருக்கு வலப்பக்கம் நின்ற தளவாய் திருமேனி மீசையை நீவிக்கொண்டார். எல்லைப் படை முழுவதும் அவர் கையில் இருந்தது. "வாசலைக் காப்பவனே தெரியாது என்றால், அவனுக்குத் தலை எதற்கு மகாராஜா?"

"நியாயமான கேள்வி!" என்று தூண் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. அரசவை விகடன் வெயிலுகந்தான். "ஆனால் அந்த வழி தளவாய்க்கும் தெரியவில்லையே. ஒரே கேள்விக்கு இரண்டு பேர் ஒரே பதிலை வைத்திருக்கும்போது, தண்டனையை மட்டும் ஒருவருக்கே கொடுத்தால் மற்றவர் மனம் புண்படாதா?"

சபையில் சிலர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். தளவாயின் முகம் கறுத்தது. தான் போர்க்கதை சொல்லும்போதெல்லாம் கொட்டாவி விடும் அரசர், இந்தக் கோமாளி வாய் திறந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருகிறார் என்ற எரிச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு.

"மகாராஜா, வாயால் காப்பது எளிது" என்றார் தளவாய். "இவ்வளவு பேசுகிறவரையே அந்த வாசலில் உட்கார வைத்துப் பாருங்கள். அப்போது தெரியும்."

அரசர் கோபத்தில் இருந்தார். கோபத்தில் எது காதில் விழுந்தாலும் நல்ல யோசனையாகத்தான் படும். எழுந்து நின்று ஆணையிட்டார்.

"நாளை முதல், யார் கையில் இருந்தாலும் சரி, எந்த ஆயுதமும் அந்த வாசலைத் தாண்டி என் நாட்டுக்குள் வரக் கூடாது. வாசலுக்கு வெயிலுகந்தான் பொறுப்பு. காளத்தி அவனுக்குத் துணை. ஆயுத பூஜைக்குள் ஒரே ஒரு வாள் உள்ளே வந்தாலும் இருவர் தலையும் கழுத்தில் இருக்காது!"

வெயிலுகந்தான் தரையில் விழுந்து வணங்கினான். "உத்தரவு மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். 'யார் கையில் இருந்தாலும்' என்று திருவாய் மலர்ந்தீர்கள். தண்டோரா போடுகிறவன் அவசரக்காரன், பாதியை விழுங்கிவிடுவான். அதைச் சேர்த்தே சொல்லும்படி கட்டளையிட வேண்டும்."

"சேர்த்தே சொல்லட்டும்!" என்று சொல்லிவிட்டு அரசர் உள்ளே போய்விட்டார். அன்று மாலையே ஊர் ஊராகப் பறை முழங்கியது. யார் கையில் இருந்தாலும், யார் கையில் இருந்தாலும் என்று தண்டோராக்காரன் தொண்டை கட்டும்வரை கத்தினான்.

மறுநாள் காலை வாசலுக்கு வந்த வெயிலுகந்தான், ஒரு கோரைப்பாயை விரித்துப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். உப்பு வண்டி வந்தது. "போ" என்றான். வளையல்காரன் வந்தான். "போ." கழுதைகள், கம்பளிக்காரர்கள், ஜாடிகள், பல்லக்குகள், எல்லாவற்றுக்கும் "போ, போ!"

காளத்தி கம்பியை எடுத்துக்கொண்டு வந்தான். "சாமி, மூட்டையைக் குத்திப் பாக்க வேணாமா?"

"நீ குத்தாத குத்தா காளத்தி? உள்ளேருந்து என்ன வந்துச்சு?"

"உப்புதான் சாமி."

"பின்னே? இன்னைக்கும் உப்புதான் வரும்."

அப்போது தளவாயின் எல்லைப் படை வெளியே புறப்பட்டது. முன்னால் யானைமேல் அரச முரசு, அதன் பின்னால் குதிரை வீரர்கள். அந்த முரசு எங்கே போகிறதோ அங்கே அரசரே போனதுபோல. அதன் ஒலி கேட்டால் மலைச்சரிவில் மேயும் ஆடுகூடத் தலை தூக்கும். காளத்தி ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்து கைகட்டி நின்றான். படை கணவாயைச் சுற்றிவிட்டு, முரசு கொட்டாமலே உச்சிவேளைக்குத் திரும்பியது. மறுபடியும் ஓடினான், திறந்தான், கைகட்டினான்.

புழுதி அடங்கியதும் வெயிலுகந்தான் கேட்டான். "இவங்களை நீ ஒருநாளாச்சும் சோதிச்சிருக்கியா?"

காளத்தி திகைத்துப் போனான். "அவங்க ஆயுதம் வச்சிருக்கிறவங்களாச்சே சாமி. ஆயுதம் வச்சிருக்கிறவன்கிட்டப் போயி ஆயுதம் வச்சிருக்கியான்னு எப்படிக் கேக்கிறது?"

வெயிலுகந்தான் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டான். படை போன திசையையே பார்த்தான்.

"அப்போ அவங்கதான்னு மகாராஜாகிட்டச் சொல்லிருவோமா சாமி?" என்று காளத்தி மெல்லக் கேட்டான்.

"சொல்லி? கோமாளிக்குப் பொறாமைன்னு தளவாய் சொல்வார். நாமளே நிறுத்திச் சோதிச்சா நம்ம ரெண்டு பேரையும் குதிரைக் காலில் போட்டு மிதிச்சுட்டுப் போவாங்க. நிறுத்தினா நிக்கணும். அதுக்கு முதல்ல ஒரு பெரிய மனுஷர் நிக்கணும்."

அந்தப் பெரிய மனுஷர் தானாகவே வந்தார். அண்டை நாட்டு மன்னர் வீட்டுக் கல்யாணத்துக்கு அரசர் புறப்பட்டார். காவலுக்குத் தளவாயும் எல்லைப் படையும் கூடவே போயினர். முரசு மலையெல்லாம் அதிர முழங்கியது.

கல்யாணம் முடிந்து அவர்கள் திரும்பிய அன்று நல்ல வெயில். சந்தைக்கூட்டம் வாசலுக்குள் ஓரமாக ஒதுங்கி நின்றது. வெள்ளைக் குதிரையில் அரசர் வருவது தூரத்திலேயே தெரிந்தது. காளத்தி வழக்கம்போலக் கதவைத் திறக்க ஓடினான்.

"திறக்காதே" என்றான் வெயிலுகந்தான்.

காளத்தி திரும்பிப் பார்த்தான். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தான். விகடன் முகத்தில் விளையாட்டே இல்லை. அவன் வாசல் நடுவில் போய்க் கோரைப்பாயை விரித்துக் குறுக்கே படுத்துக்கொண்டான். அரசரின் குதிரை அவன் தலைமாட்டில் வந்து நின்று மூக்கால் ஊதியது.

"என்ன இது?" என்றார் அரசர்.

"ஆணை, மகாராஜா" என்றான் வெயிலுகந்தான், படுத்தபடியே கைகூப்பி. "யார் கையில் இருந்தாலும் எந்த ஆயுதமும் உள்ளே வரக் கூடாது. தங்கள் இடுப்பில் ஒரு வாள் இருக்கிறது. அதை உள்ளே விட்டால் இந்தக் காளத்தியின் தலையும் என் தலையும் போய்விடும். விடாவிட்டாலும் போய்விடும்போல் இருக்கிறது. போவதுதான் போகிறது, ஆணையைக் காத்துப் போகட்டும் என்று படுத்துவிட்டேன்."

"மகாராஜாவை மறிப்பதா? துரோகி!" தளவாய் குதிரையை முன்னால் விட்டார். "மிதித்துக்கொண்டு போகலாம், உத்தரவு கொடுங்கள்!"

அரசர் கையை உயர்த்தினார். தளவாய் நின்றார்.

"காளத்தி, உன் வேலையைச் செய்" என்றான் வெயிலுகந்தான்.

காளத்தி நடந்தான். எப்படி நடந்தோம் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை. அரசரின் குதிரைக்கு அருகில் போய், தலை நிமிராமல், இரண்டு கைகளையும் ஏந்தினான். சந்தைக்கூட்டத்தில் ஒரு இடுப்புக் குழந்தை அழ ஆரம்பித்தபோது தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

ஏந்திய கைகளில் பாரம் இறங்கியது. பார்த்தான். பொன்பிடி போட்ட அரச வாள்! அரசர் குதிரையிலிருந்து இறங்கி, வாளில்லாத இடுப்போடு அவன் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"என் வாய்ச் சொல்லுக்கு நானே கட்டுப்படாவிட்டால் வேறு யார் கட்டுப்படுவார்கள்?" என்றார். கோபமாகச் சொன்னாரா, வியந்து சொன்னாரா என்று காளத்திக்குப் புரியவில்லை. ஆனால் அவனுக்கு உடம்பு முழுவதும் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ சாமி ஊர்வலம் பார்த்தவன் அவன். கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற அந்த ராஜாவைப் பார்த்ததுபோல எதையும் பார்த்ததில்லை.

அரசரே வாளைத் தந்தபின் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டு தன் வாளைக் கழற்றினார். வீரர்கள் ஒவ்வொருவராக வந்து வாளையும் ஈட்டியையும் பாயின் ஓரத்தில் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு வாள்தான் இருந்தது. கூடுதலாக ஒன்றும் இல்லை. காளத்தி சேணத்துக்கு அடியில் பார்த்தான், அங்கும் இல்லை. தளவாயின் மீசை மெல்ல நிமிர்ந்தது.

வெயிலுகந்தான் எழுந்து துணியைத் தட்டிக்கொண்டான். "மகாராஜா, ஆணைக்காக அரசரே வாளைக் கழற்றிய நாள் இது. இதைவிடப் பெருமையான நாள் இந்த நாட்டுக்கு ஏது? ஒருமுறை முரசு கொட்டச் சொல்லுங்கள். மலை அதிரட்டும்!"

"நல்லது, கொட்டு!" என்றார் அரசர்.

யானைமேல் இருந்த முரசுக்காரன் அசையவில்லை. தளவாயைப் பார்த்தான். அரசரைப் பார்த்தான்.

"கொட்டு என்றேன்!"

அவன் கோலை ஓங்கி, பயந்து பயந்து ஒரு அடி போட்டான்.

'பொத்' என்றது முரசு.

தலையணையைத் தட்டியதுபோல ஒரு சத்தம். மலை அதிரவில்லை. ஒரு குருவிகூடப் பறக்கவில்லை. அந்த அமைதியில் எல்லோரும் ஒன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

"போகும்போது இடியாய் இடித்தது. கல்யாண வீட்டில் சாப்பாடு அதிகமாகிவிட்டதுபோல!" என்றான் வெயிலுகந்தான்.

முரசை இறக்கினார்கள். ஆறு பேர் வேண்டியிருந்தது. வாரை அறுத்துத் தோலை விலக்கியதும், வைக்கோலுக்கு நடுவிலிருந்து வாள்கள் கலகலவென்று சரிந்தன. ஒவ்வொரு பிடியிலும் மயில். அரசர் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். நெடுங்கரைச் சாம்பலில் கிடந்த வாளுக்கு உடன்பிறப்பு அது. அரசரின் பெயரையே சொல்லி முழங்கும் முரசு, அரசரின் மக்களை வெட்டும் வாளைச் சுமந்துகொண்டு, தன் கண் முன்னாலேயே எத்தனையோ முறை போயிருக்கிறது என்பதை நினைக்க நினைக்கக் காளத்திக்குத் தலை சுற்றியது. தான் ஓடி ஓடித் திறந்த கதவு!

"முரசுக்காரன் செய்த துரோகம் இது!" என்று தளவாய் கத்தினார்.

முரசுக்காரன் யானைமேலிருந்து சறுக்கி விழுந்தான். "ஐயோ மகாராஜா, தளவாய் ஐயா சொல்லித்தான் செஞ்சேன்! கொள்ளை இருந்தாத்தான்டா படை பெருகும், படை பெருகினாத்தான் நமக்கு மதிப்புன்னாரு. இன்னைக்கு வேணாம் ஐயா, மகாராஜா கூட வர்றாருன்னேன். அவர் கூட வர்ற நாளில் எவன்டா தொடுவான்னாரு!"

தளவாய் விழுந்து அரசரின் காலைப் பிடித்துக்கொண்டார். "மகாராஜா, என்னைத் தள்ளிவிடாதீர்கள்! எத்தனை போர்களில் தங்கள் கையில் வாளாக இருந்தவன் நான்! நான் தங்கள் வாள் அல்லவா!"

"அடடா!" வெயிலுகந்தான் தலையில் அடித்துக்கொண்டான். "கெடுத்தீர்களே தளவாய். மனிதர் என்று சொல்லியிருந்தால்கூட உள்ளே விட்டுச் சிறையில் வைத்திருக்கலாம். வாள் என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு எப்படி விடுவேன்? யார் கையில் இருந்தாலும்... ஆணை, மகாராஜா!"

அரசர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். நெடுங்கரைச் செய்தி வந்த நாளிலிருந்து சிரிக்காத அவர் வாய்விட்டுச் சிரித்தார். கணவாயில் அந்தச் சிரிப்பு எதிரொலித்தது.

"இந்த வாள் வெளியிலேயே கிடக்கட்டும். கதவைச் சாத்துங்கள்" என்றார்.

தளவாய் எதிர் வாசலுக்கு ஓடிப்போய்த் தட்டியதையும், அங்கே காவலர்கள் தாயக்கட்டை உருட்டுவதிலேயே இருந்ததால் திறக்க ஆளில்லாமல் நின்றதையும் சந்தைக்காரர்கள் ரொம்ப நாள் பேசினார்கள். முரசுக்காரனும் கூட்டாளிகளும் சிறைக்குப் போனார்கள். பிடித்த வாள்களை உருக்கி மண்வெட்டி அடித்து நெடுங்கரைக்கு அனுப்பச் சொன்னார் அரசர். வாள் வருவது நின்றதும் கொள்ளையர்கள் கூட்டம் காட்டிலேயே சிதறிப்போயிற்று.

அரசர் தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து வெயிலுகந்தானுக்குப் போர்த்தினார். "இன்னும் என்ன வேண்டும்? கேள்" என்றார்.

"ஆணையைத் திரும்பப் பெறாமல் இருந்தால் போதும், மகாராஜா" என்றான் விகடன். "படைவீரர்களுக்கு மட்டும், கொண்டுபோனதைக் கொண்டுவர அனுமதி கொடுங்கள். ஆனால் எல்லோரும் வாசலில் நிற்கட்டும், எல்லோரையும் காளத்தி பார்க்கட்டும்."

அப்படியே ஆயிற்று. அடுத்த அறுவடைக்குப் பிறகு அரசர் அண்டை நாட்டுக்குப் போய்த் திரும்பியபோது, குதிரையை விட்டு இறங்கி, வரிசையில் நின்ற வளையல்காரனுக்குப் பின்னால் போய் நின்றார். முறை வந்ததும் கைகளை விரித்தார். காளத்தி அவர் இடுப்புக் கச்சையைத் தடவிப் பார்த்தான். உள்ளே ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தான். மாம்பழம் நறுக்கும் ஒரு சின்னக் கத்தி.

"அண்டை நாட்டு மன்னர் பரிசாகக் கொடுத்தார், மறந்தே போனேன்" என்றார் அரசர். "மகாராணிக்காகக் கொடுத்தது காளத்தி. இதுவும் கூடாதா?"

"கூடாது, மகாராஜா" என்றான் காளத்தி. இந்த முறை தலை நிமிர்ந்தே சொன்னான்.

அரசர் சிரித்தார். வளையல்காரன் சிரித்தான். வாசலே சிரித்தது. கத்தி வெளியே நின்றது, அரசர் உள்ளே போனார்.