சடையன் கரடியின் அடைத்த மூக்கு

புங்க மரங்கள் பூத்துக் கொட்டுகிற காலம். காட்டோரத்துப் புங்க மரத்தடியில் சடையன் என்ற கரடி தும்மிக்கொண்டிருந்தது. ஒன்று இரண்டு இல்லை. எண்ணுகிறவன் எண்ணும்போதே தூங்கிப்போவான், அத்தனை தும்மல்! கண்ணில் நீர் வழிந்தது. நெற்றி கனத்தது. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது.

மற்ற விலங்குக்கு மூக்கடைத்தால் தொல்லை. கரடிக்கு மூக்கடைத்தால் பட்டினி. கறையான் எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடிக்க முடியவில்லை. தெரிந்த புற்றிலேயே வாயை வைத்து உறிஞ்சலாம் என்றால், மூக்கில் மூச்சு போகவில்லை. வாயை எடுத்தால் கறையான் போச்சு. எடுக்காவிட்டால் உயிரே போச்சு!

வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு நல்ல மழை விழுந்தால் போதும், மறுநாள் சாயங்காலம் புற்றுக்குப் புற்று ஈசல் கிளம்பும். அந்த மாதிரி விருந்து வருஷம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

“கவலைப்படாதே சடையா! உன் பங்கையும் நானே தின்னுடறேன்!” என்றது பக்கத்துப் பொந்திலிருந்து எட்டிப் பார்த்த கீரி. ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னது.

மேல் கிளையிலிருந்து மைமுகி என்ற மந்தி எட்டிப் பார்த்தது.

“ஏய் சடையா! நீ தும்முற தும்முல என் கிளையே ஆடுது. என் குட்டி தூங்க வேண்டாமா?”

“நான் என்ன ஆசைப்பட்டா தும்முறேன், அக்கா? மூக்கு அடைச்சிருக்கு!”

“பூ மேல மெத்தை போட்டுப் படுத்தா அடைக்காம என்ன செய்யும்? பூந்தூள் பூரா உன் சடையிலதான் இருக்கு. போய் ஆத்துல முங்கிட்டு, கரையில இருக்கிற பாறைக்கு வா!”

சடையன் முங்கிவிட்டு வந்தது. மைமுகி அதன் முகத்துக்கு நேரே உட்கார்ந்தது. பேன் பார்த்துப் பழகிய விரல்கள் மந்திக்கு. மூக்கின் இரண்டு பக்கமும் விரலை வைத்து, லேசாக அழுத்தி, வட்டமாகத் தேய்த்தது. அங்கிருந்து கன்னத்துக்கு வழித்தது. பிறகு புருவ நடுவிலிருந்து காதோரப் பொட்டு வரைக்கும் நீவிவிட்டது.

‘இது ஒரு வைத்தியமா? ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கு’ என்று நினைத்தது சடையன். ஆனால் கொஞ்ச நேரத்தில் நெற்றிக் கனம் இறங்கியது. உள்ளே ஏதோ இளகியது. இடது துவாரம் திறந்துகொண்டது!

“அக்கா! வாசனை வருது! மழை வருது!”

“இந்தப் பூ கொட்டி முடியுற வரைக்கும் மறுபடி அடைக்கத்தான் செய்யும். தினமும் கொஞ்ச நேரம் இப்படி மெதுவா நீவிவிட்டா இதமா இருக்கும். நாளைக்கு வா.”

மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் மூக்கு பழையபடி அடைத்துக்கொண்டது. மைமுகி கொழுந்து தின்னப் போயிருந்தது. சடையனுக்குப் பொறுக்கவில்லை.

‘ரெண்டு விரல் தடவினதுக்கே ஒரு துவாரம் திறந்துச்சு. எனக்கு ரெண்டு பெரிய கையே இருக்கு! புத்து அடைச்சிருந்தா என்ன செய்வோம்? ஒரே போடா போட்டு உடைப்போம். மூக்கு மட்டும் என்ன ஒசத்தி?’

இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்து அமுக்கியது. நகம் பதியத் தேய்த்தது. அது போதாதென்று பாறையிலும் வைத்து உரசியது. மத்தியானத்துக்குள் மூக்கு பிஞ்சுப் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

மைமுகி திரும்பி வந்து பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது.

“யாருப்பா இது? இந்த மூக்குக்குப் பின்னால எங்க சடையன் இருக்கானா?”

“கிண்டல் பண்ணாதே அக்கா. நானே அமுக்கிப் பார்த்தேன்.”

“அமுக்கினியா? புதைச்சிட்டே!”

சாயங்காலம் ஈசல் கிளம்பியது. புகை மாதிரி எழும்பி வந்தது. கீரி ஓடி ஓடித் தின்றது. சடையன் புற்றில் வாயை வைத்தது, மூச்சு முட்டியது, எடுத்தது. மறுபடி வைத்தது, மறுபடி எடுத்தது. இதில் நாலைந்து ஈசல் அதன் வீங்கிய மூக்கின் மேலேயே வந்து உட்கார்ந்தன.

“பாரு, அதுங்களே உன் மூக்கைப் புத்துன்னு நெனச்சிடுச்சு!” என்று கீரி உருண்டு உருண்டு சிரித்தது.

சடையன் கண்ணில் நீர் வந்தது. இந்தத் தடவை அது பூந்தூளால் வந்த நீர் இல்லை.

மைமுகிக்கு மனசு கேட்கவில்லை. ஆற்றில் நனைத்த இலையை வீக்கத்தின் மேல் வைத்தது.

“உன் ரெண்டு கையையும் அடியில வெச்சு, அது மேல உட்காரு!”

சடையன் உட்கார்ந்தது. மந்தி வீக்கத்தைத் தொடாமல் நெற்றியையும் கன்னத்தையும் மட்டும் மெல்ல நீவியது. சடையனின் ஒரு கை மெதுவாக வெளியே வந்தது.

“கை!”

“உள்ளதான் இருக்கு, அக்கா!”

கடைசியில் ஒரு துவாரம் புல் நுழைகிற அளவுக்குத் திறந்தது. அதற்குள் ஈசல் முக்கால்வாசி தீர்ந்துபோயிருந்தது. கீரி வயிறு புடைக்க மல்லாந்து கிடந்தது. ஓரத்தில் ஒரே ஒரு புற்றில் மட்டும் இன்னும் கிளம்பிக்கொண்டிருந்தது. சடையன் அதில் வாயை வைத்து, அந்த ஒற்றைத் துவாரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே, சர்ர்ரென்று உறிஞ்சியது. அரை வயிறுதான் நிறைந்தது.

“வலிக்குதா?” என்றது மைமுகி.

“வலிக்குது. ருசியாவும் இருக்கு. நாளைக்கும் மெதுவாத்தானா, அக்கா?”

“மெதுவாத்தான்.”

“கை?”

“அடியில!”

இதமாகத் தொட வேண்டிய இடத்தில் பலத்தைக் காட்டினால், திறக்க இருந்த வழியும் அடைத்துப் போகும்.